பெரிய கரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கு ஓரத்திலும் தீவகத்திலும் மன்னாரிலும் ஒரு மீனவர் இன்றிரவு வலை போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது காற்றைப் பார்க்கிறார், நிலவைப் பார்க்கிறார், அப்புறம் கிழமையைப் பார்க்கிறார். திங்கள், புதன், சனி என்றால் பலர் படகைக் கரையிலேயே விட்டுவிடுகிறார்கள். அவை ராமேஸ்வரத்து விசைப்படகுகள் கடலுக்குப் புறப்படும் நாட்கள். 18 அடிக் கண்ணாடியிழைப் படகில் போய் இருட்டில் விரித்துவிட்ட வலை விடியும்போது அங்கே இருக்குமா என்பது, அந்த இரவில் எத்தனை இழுவைமடிகள் எல்லையைத் தாண்டி வந்தன என்பதைப் பொறுத்தது. மடியில் சிக்கி வலை போய்விட்டால் அன்றைய பாடு போனதோடு முடிவதில்லை. அந்த வலைக்கு வாங்கிய கடன் கரையில் இருக்கிறது.

இந்தக் கிழமைக் கணக்கு யாழ்ப்பாணத்தில் போடப்பட்டதல்ல. 1970களில் தமிழகக் கரையில் விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இடையே பெரும் சண்டைகள் மூண்டன. படகுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். கடைசியில் பாக் விரிகுடாவில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகுகள் புறப்படும் வழக்கம் அந்த நாள்கணக்கை ஒட்டித்தான் நடக்கிறது. சொந்த ஊர் நாட்டுப்படகுக்காரருக்கு விட்டுக்கொடுத்த அந்த நான்கு நாட்களைத்தான் எதிர்க்கரைச் சிறுபடகுக்காரரும் நம்பியிருக்கிறார். அவரைக் கேட்டு யாரும் அந்த நாட்களைக் குறிக்கவில்லை. டெல்லியிலோ கொழும்பிலோ எந்தக் காகிதத்திலும் அது எழுதப்படவில்லை.

இரு நாடுகளின் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு இடையிலான உறவு என்றதும் நமக்குத் திருவிழா நினைவுக்கு வருகிறது, கல்யாணம் நினைவுக்கு வருகிறது, கப்பல் வருகிறது. மேடை என்றால் தொப்புள்கொடி வந்துவிடும். அவை பொய்யில்லை. ஆனால் பாக் விரிகுடாவின் இரு கரைகளுக்கு இடையே நாள்தோறும் நடக்கும் உறவு இதுதான் என்று நினைக்கிறேன்: ஒரு கரை கடலுக்குப் போகிற நாளில் மறுகரை வீட்டில் இருக்கிறது. இதில் வீட்டில் இருப்பது எப்போதும் ஒரே கரைதான். நாம் பெரிய கரை. தமிழகத்தில் வாழும் நாம் இதை உணர்ந்து பேசுவதே இல்லை. டெல்லிக்கு முன்னால் சிறுத்தும், கொழும்பின் கடற்படைக்கு முன்னால் நிராயுதபாணியாகவும் நம்மைப் பார்த்துப் பழகிவிட்டோம். யாழ்ப்பாணத்து மீனவரின் கண்ணில் நாம் எவ்வளவு பெரியவர்களாகத் தெரிகிறோம் என்பது நம் பேச்சுக்குள் வருவதில்லை.

கடலைப் பார்த்தால் இது விளங்கும். பாக் விரிகுடா ஆழமில்லாதது. பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. சேறும் மணலும் கலந்த அடித்தளம், அதன்மேல் கடற்புல் வெளிகள். இறால் குஞ்சு அங்கே வளர்கிறது, நண்டு ஒண்டுகிறது, ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடல்பசு அதை மேய்ந்து உயிர் வாழ்கிறது. இந்த அளவு ஆழத்துக்குக் கட்டுமரமும் வத்தையும் வள்ளமும் போதும். அடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடிக்கும் இது வசதியான கடல். அதுதான் சிக்கல். ஆழ்கடலில் மடி இழுத்தால் தரை தொட நிறையக் கயிறு வேண்டும். இங்கே தரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இந்தத் தண்ணீர் வழியாகக் காலங்காலமாக ஆட்களும் சரக்கும் போய்வந்தார்கள். வல்வெட்டித்துறைத் தோணிகள் நாகப்பட்டினம், தூத்துக்குடி, பர்மா வரை போயின. அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளூஸ்டர் துறையில் போய் நின்றது. ஓட்டிச் சென்றவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகள் இருந்தார்கள். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1864 இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் நிறுவினார். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887 இல் அச்சில் கொண்டுவந்தார். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். நம் பழந்தமிழ்ப் படிப்பின் அடித்தளத்தில் கணிசமான பகுதி சின்னக் கரையிலிருந்து வந்த உழைப்பு. இதைச் சொல்லும்போது அவர்களை 'நம்மவர்' என்று அணைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறோம். பட்டிருக்கும் கடனைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

1914 இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் போட் மெயில் வந்தது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு. வியாபாரிகள் போனார்கள், நாடகக் கம்பெனிகள் போயின, சங்கீத வித்வான்கள் போனார்கள், படிக்கும் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். இந்தப் பயணத்தை நினைத்து ஏங்கும் கட்டுரைகள் தமிழில் நிறைய உண்டு. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது என்பதோடு அவை முடிந்துவிடும். முடிந்துபோனது தனுஷ்கோடித் துறை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஓடியது. அந்தக் கப்பலில் யார் வந்தார்கள் என்பதை நாம் அதிகம் எழுதியதில்லை. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 இல், சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயங்களில். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். தகரப்பெட்டியும் பாத்திர மூட்டையுமாகத் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிந்து, எங்கெங்கோ அனுப்பப்பட்டார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இரு நாடுகளும் ஒத்துழைத்துச் செய்த காரியம் அது. கடல் தாண்டிய ஒத்துழைப்பு என்றாலே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். யாருக்கும் யாருக்கும் இடையில், யாரைக் கேட்டு என்பதையும் பார்க்க வேண்டும்.

இலக்கியத்திலும் இந்தப் பெரிய கரை சின்னக் கரைக் கணக்கு உண்டு. சிறுபத்திரிகை வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழகத்து வார இதழ்கள் ஆயிரக்கணக்கில் யாழ்ப்பாணத்துக் கடைகளில் வந்து குவிந்தன. அந்தக் குவியலுக்கு நடுவே உள்ளூர் இதழ் ஒன்று மூச்சுவிட முடியவில்லை. ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் இந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தக் கோரினார்கள். 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. தமிழகத்தில் இதைத் தமிழுக்கு எதிரான செயலாகப் படித்தவர்கள் பலர். ஆனால் டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கி, தெருவில் நின்று தானே விற்ற 'மல்லிகை' போன்ற இதழ்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், பெரிய கரையிலிருந்து வரும் வெள்ளத்துக்கு ஒரு வரம்பு கேட்டதாகவே அது தெரியும். அந்த நாட்களில் எதிர்த்திசையிலும் ஒன்று வந்தது, அதற்கு வரம்பே தேவைப்படவில்லை. 1952 இல் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு நின்றபோது தென்தமிழகம் முழுவதும் முள்ளைத் திருப்பியது இலங்கை வானொலிக்கு. ராமநாதபுரத்துக்காரர்களும் நெல்லைக்காரர்களும் தங்கள் பிறந்தநாளுக்குக் கடல்தாண்டிய நிலையத்திலிருந்து வாழ்த்துக் கேட்டு வளர்ந்தார்கள். 1982 இல் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தபோது தெற்குக் கடலோரத்து வீடுகளில் ஆன்டெனாக்கள் இலங்கைப் பக்கம் பார்த்து நின்றன.

திரும்பக் கடலுக்கு. ஐம்பதுகளில் கேரளத்தில் இந்திய–நார்வேத் திட்டம் தொடங்கியது. நாட்டுப்படகுக்காரரின் வருமானத்தைக் கூட்டத்தான் அது வந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை இருக்கிறது என்று தெரிந்ததும் அதன் போக்கு மாறியது. அறுபதுகளில் தமிழக அரசும் மானியம் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கியது. கடலுக்கே போயிராத முதலீட்டாளர்களும் படகு வாங்கினார்கள். ராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று துறைகள் நிரம்பின. சட்டப்படி விசைப்படகு கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்கு உள்ளே மடி இழுக்கக் கூடாது. அதற்கப்பால் போனால் ராமேஸ்வரத்துக்கு எதிரே பன்னிரண்டு கடல்மைலுக்குள் எல்லைக்கோடு வந்துவிடுகிறது. இடையில் இருக்கும் துண்டில் அத்தனை படகுக்கும் இடமில்லை, இருந்த மீனும் வெகு காலம் முன்பே வாரப்பட்டுவிட்டது. எல்லை தெரியாமல் தாண்டிவிட்டார்கள், காற்று தள்ளிவிட்டது என்று நம் செய்தித்தாள்கள் இன்னும் எழுதுகின்றன. ஜிபிஎஸ் கருவி இல்லாத விசைப்படகு இன்று கிடையாது. இந்தக் கணக்கில் தாண்டாமல் தொழில் நடக்காது என்பதால்தான் தாண்டுகிறார்கள். இதைச் சொன்னால் மீனவருக்கு எதிராகப் பேசுவதாக ஆகிவிடும் என்று நம்மில் பலர் வாயைத் திறப்பதில்லை.

1983க்குப் பிறகு எதிர்க்கரைக் கடல் காலியானது. இலங்கை அரசு வடக்கில் மீன்பிடிக்கத் தடை போட்டது, பாதுகாப்பு வலயங்கள் விரிந்தன, கரையோர ஊர்கள் இடம்பெயர்ந்தன. படகு எரிக்கப்பட்டவர்கள், படகைப் பறிகொடுத்தவர்கள், அகதியாக ராமேஸ்வரம் வந்து இங்குள்ள விசைப்படகுகளில் கூலிக்குப் போனவர்கள் எனப் பலர். அந்தக் கால் நூற்றாண்டில் நம் படகுகள் யாருமில்லாத கடலில் மடி இழுத்துப் பழகின. அந்த ஆண்டுகளில் அதற்கு நம் மீனவர்கள் கொடுத்த விலையும் பெரிது. இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்குப் பலர் இரையானார்கள். அந்தக் கொலைகளுக்கு எந்த நீதிமன்றத்திலும் பதில் கிடைக்கவில்லை. 2009 இல் போர் முடிந்து வடக்கு மீனவர்கள் கடலுக்குத் திரும்பியபோது அவர்களிடம் சின்னப் படகும் கடனுக்கு வாங்கிய வலையும் இருந்தன. அவர்களுடைய கடலில் நாம் இருந்தோம்.

அவர்கள் முதலில் கோபப்படத் தயங்கினார்கள். போர்க்காலத்தில் தங்களை ஏற்றுக்கொண்ட கரை அது, அவர்களை எப்படிப் பகைப்பது என்று வடக்கின் மீனவர் அமைப்புகள் வெளிப்படையாகவே சொல்லிவந்தன. முகாம்களில் பிறந்த பிள்ளைகள், இங்கேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகள், மண்டபத்தில் செத்துப் புதைந்த பெற்றோர் என அந்தக் கடன் அவர்களுக்கு மெய்யானது. உபகாரம் செய்தவர் கைவைத்தால் உபகாரம் பெற்றவர் எவ்வளவு காலம் பேசாமல் இருப்பார்? நாம் அந்தத் தயக்கத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். இதுதான் இந்த முழு விஷயத்திலும் எனக்குத் தாங்க முடியாதது.

கச்சத்தீவை இங்கே சொல்லியாக வேண்டும். 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லை, ஓர் அந்தோணியார் கோயில். 1974 ஜூனில் இந்திராவும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அத்தீவுக்கு மேற்கே ஒரு மைலில் கோட்டை இழுத்தது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல அங்கே போய்வரலாம், பயணப் பத்திரமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. 1976 இல் மன்னார் வளைகுடாவுக்கு எல்லை வகுத்தபோது பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கும் உரிமையை மூடின. 1974 ஒப்பந்தத்தை அன்றைய தமிழக அரசு எதிர்த்தது. கரையைக் கேட்காமல் கோடு போட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் கச்சத்தீவை மீட்டால் மீனவர் பிரச்சினை தீரும் என்று தேர்தல்தோறும் சொல்லப்படுவதில் நியாயம் இல்லை. நம் விசைப்படகுகள் கச்சத்தீவைத் தாண்டி நெடுந்தீவு, நயினாதீவு, மன்னார்க் கரைகளை ஒட்டிப் போகின்றன. தீவு நம் கைக்கு வந்தாலும் நெடுந்தீவு நெடுந்தீவாகவே இருக்கும், அங்கே வலை போட்டவர் அங்கேயே இருப்பார்.

அந்தோணியார் திருவிழாவின் கதை வேறு. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இரண்டு நாள். ராமேஸ்வரத்திலிருந்து வேர்க்கோடு பங்கின் ஏற்பாட்டில் விசைப்படகுகளிலும் நாட்டுப்படகுகளிலும் போகிறார்கள். அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்தால் போதும், பாஸ்போர்ட் கேட்பதில்லை. அங்கிருந்து குறிகட்டுவானிலும் நெடுந்தீவிலும் ஏறி வருகிறார்கள். யாழ்ப்பாண மறைமாவட்டம் விழாவை நடத்துகிறது. கொடியேற்றம், சிலுவைப் பாதை, இரவில் தேர்ப்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வருகிறார்கள். கடலில் போகிறவருக்கு அந்தோணியார் பொதுவானவர். முன்பெல்லாம் இங்கிருந்து கைலியும் சேலையும் போகும், அங்கிருந்து சோப்பும் வாசனைப் பொருளும் வரும். பிரிந்த சொந்தங்கள் மணலில் உட்கார்ந்து சாப்பிடும், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடிப்பதும் உண்டு. போர் நடந்த ஆண்டுகளில் நின்றுபோய், பிறகு மீண்டது. 2016 டிசம்பரில் திறந்த இன்றைய கோயிலைக் கட்டியது இலங்கைக் கடற்படை. திருவிழா நாளில் யாத்திரிகருக்குத் தண்ணீர் தருவதும் மற்ற நாளில் படகைப் பிடிப்பதும் அவர்களே.

2024 பிப்ரவரியில் ராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். பிடிபட்ட படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததற்கு எதிர்ப்பு அது. அந்த ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் பிடிபட்டார்கள். ஜூனில் படகைப் பிடிக்கும் நடவடிக்கையில் இலங்கைக் கடற்படை மாலுமி ஒருவர் இறந்தார், ஆகஸ்டின் முதல் நாளில் கடற்படைப் படகு மோதி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் படகுக்குச் சொந்தக்காரர் அல்லர். படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியவர், பங்குக்குப் போகிறவர். யாழ்ப்பாணச் சிறையில் அவர் இருக்கும்போது ராமேஸ்வரத்தில் அவர் மனைவி கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு நடக்கிறார். அதே வாரத்தில் யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ நெடுந்தீவிலோ இன்னொரு பெண் போன வலைக்காக எழுதிய மனுவோடு நீரியல்வளத் திணைக்களத்துக்கு நடக்கிறார். முதல் மனுவைப் பற்றி நாம் நிறைய எழுதுகிறோம், எழுத வேண்டியதுதான். இரண்டாவது மனு நம் பத்திரிகைகளில் வந்து நான் படித்தது மிகக் குறைவு.

2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலை முழுவதுமாகத் தடை செய்தது. இதற்கு அழுத்தம் கொடுத்தவர்கள் வடக்கின் தமிழ் மீனவர்கள். தனிநபர் மசோதாவாக அதை முன்வைத்தவர் தமிழ் உறுப்பினர் எம்.ஏ.சுமந்திரன். தடை குருநகரின் சொந்த இழுவைப்படகுகளுக்கும் பொருந்தும். தங்கள் ஊர்ப் படகுகளும் முடங்கும் என்று தெரிந்தே கேட்டார்கள். சிங்கள அரசு தமிழக மீனவரை ஒடுக்கப் போட்ட சட்டம் என்று இங்கே அது வாசிக்கப்பட்டது. சட்டத்தை அரசு எப்படிப் பயன்படுத்துகிறது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டவர்கள் யார் என்பதை மறைக்கக் கூடாது.

இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதும் உண்டு. இந்த வரலாறு தமிழகத்தில் போதிய அளவு அறியப்படவில்லை. 2004 இல் அப்பாவி மீனவர் விடுதலைக்கான கூட்டமைப்பின் ஏற்பாட்டில், வி.விவேகானந்தன் போன்றவர்களின் முயற்சியில், இங்கிருந்து ஒரு குழு அங்கே போனது. 2010 ஆகஸ்டில் அங்கிருந்து மீனவப் பிரதிநிதிகள் இங்கே வந்தார்கள். ஊர் ஊராகத் துறைகளைப் பார்த்தார்கள், சென்னையில் உட்கார்ந்து உடன்பட்டார்கள்: ஓராண்டுக்கு மட்டும், ஆண்டில் 70 நாள், கரையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி, அதன்பிறகு அந்தக் கடலில் இழுவைமடி இல்லை. இரு அரசுகளும் அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை, அது அப்படியே கிடந்து செத்தது. 2014 இல் சென்னையிலும் கொழும்பிலும் மறுபடி பேசினார்கள். 2015 மார்ச்சில் நம் தரப்பு கேட்டது மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டில் 83 நாள். அங்கிருந்து வந்தவர்கள் ஒப்பவில்லை. ஐந்து ஆண்டில் 70 நாள் 83 நாளாகவும் ஓராண்டு மூன்றாண்டாகவும் நீண்டிருந்தால் அவர்கள் எப்படி ஒப்புவார்கள்? ஆனாலும் அந்தப் பேச்சை நான் மதிக்கிறேன். 70, 83 என்று எண்ணில் பேசியவர்கள் ஒருவர் தொழிலை மற்றவர் அறிந்தவர்கள். எத்தனை நாள், எந்த மடி, எத்தனை மைல் என்று பேசத் தெரிந்தவர்களிடமிருந்து பேச்சை எடுத்து, இறையாண்மை என்று பேசத் தெரிந்தவர்களிடம் கொடுத்தோம்.

பேராசிரியர் வி.சூரியநாராயண் பாக் விரிகுடாவை இரு கரையாரும் சேர்ந்து நிர்வகிக்கும் பொதுச்சொத்தாகப் பார்க்க வேண்டும் என்று பல்லாண்டாக வாதிட்டார். கனவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே ஓடும் டோர்னே ஆற்றில் இப்படித்தான் நடக்கிறது. ஹபராண்டாவும் டோர்னியோவும் எதிரெதிர் ஊர்கள். ஒன்றில் மணி பன்னிரண்டு என்றால் மற்றதில் ஒன்று. ஆற்றுக்கு 1971 ஒப்பந்தத்தில் கூட்டு ஆணையம் அமைத்தார்கள், 2010 இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து மீன்பிடிக்கும் பொதுவிதி சேர்த்தார்கள். அருகிப்போயிருந்த சால்மன் அந்த ஆற்றில் மறுபடி ஏறத் தொடங்கியது. அங்கே இரண்டும் பணக்கார நாடுகள், நடுவில் போர் இல்லை, ஒருவர் மீன் பிடித்துத்தான் ஒருவர் வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பதில்லை. வித்தியாசம் பெரிது. ஆனால் மீனுக்கான விதி ஒன்றாக இருக்க வேண்டும் என்ற புத்திக்குப் பணம் வேண்டாம்.

இங்கே இப்போது நடப்பவை வேறு தளத்தில் நடக்கின்றன. சென்னை–யாழ்ப்பாணம் விமானம் 2022 டிசம்பரில் மறுபடி பறக்கத் தொடங்கியது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 இல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு திரும்ப வந்தது. நாலு மணி நேரத்துக்குள் அக்கரை. சிதம்பரம் வருகிறவர்கள், வேளாங்கண்ணி வருகிறவர்கள், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் இது பெரிய நிம்மதி. 2022 இல் இலங்கை பொருளாதாரத்தில் முறிந்தபோது தமிழக அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. தமிழர், சிங்களர், முஸ்லிம் என்று பார்க்காமல் பகிர்ந்து கொடுக்கக் கேட்டுக்கொண்டது. மெச்சத்தக்க காரியம், பெரிய கரை செய்ய வேண்டிய காரியமும் அதுவே. அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்புல்லைக் காக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்க்கரையின் கடற்புல்மேல் நம் மடிகள் போகின்றன.

விசைப்படகுக்காரரை ஆழ்கடலுக்கு மாற்ற 2017 இல் ஒரு திட்டம் வந்தது. மூன்றாண்டில் 2,000 படகுகள் என்றார்கள். ஒரு படகு 80 லட்சம் ரூபாய், அதில் மத்திய அரசும் மாநில அரசும் 70 விழுக்காடு மானியம். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. காரணம் கேட்டால் ஆச்சரியம் இல்லை. பாக் விரிகுடாவில் இன்று போய் நாளை வருகிறவரை, வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடிக்கச் சொன்னார்கள். மிச்ச 30 விழுக்காட்டுக்குக் கைப்பணமும் கடனும், அவருக்குத் தெரியாத தொழில், அவர் ஊரில் இல்லாத துறைமுக ஆழம். படகில் கூலிக்குப் போகிறவருக்கு அந்தத் திட்டத்தில் பெயரே இல்லை. இருக்கும் படகை அரசே விலைக்கு வாங்கி உடைத்துவிட்டு, வேறு வலைக்கும் வேறு வேலைக்கும் பணம் கொடுப்பது இதைவிட மலிவாக முடியும் என்றே நினைக்கிறேன்.

படகை நிறுத்த முடியாது, அரசியல் விடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் ஒரு விசைப்படகும் மடி இழுப்பதில்லை. 2017க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது, கூட்டியபோது கரை எரிந்துவிடவில்லை. தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது, படகுகள் சாயமடித்துப் பழுது பார்க்கப்படுகின்றன. இலங்கையோடு பேசிப் போட்ட தடையல்ல, மீன் இனப்பெருக்கத்துக்காக நம் அரசு போட்டது. ஆனால் அந்த 61 இரவுகளிலும் நெடுந்தீவிலும் மன்னாரிலும் கிழமை பார்க்காமல் வலை போடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15 அன்று மறுபடி என்ன நடக்கிறது என்பதை இரு கரை மீனவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, கணக்கோடு பேசலாம்: அன்று எத்தனை படகு புறப்படும், எத்தனைக்கு டோக்கன் இல்லை, டோக்கன் இல்லாத படகின் கூலிக்காரருக்கு யார் சம்பளம் தருவது, அடுத்த ஆண்டு ஜூன் 15 அன்று அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கும்.